வீட்டு வேலைக்குக் கலவை மெஷின் எடுக்கிறீர்களா? மதுரைப் பக்கம் முதல்முறை தளம் போடுபவர்களுக்கு

ஆனையூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினோம். தளம் போட்ட அன்று, பாதி கான்கிரீட் கொட்டிய நேரத்தில் வாடகை மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. மாற்று பெல்ட் ஆபரேட்டரிடம் இல்லை. வாங்கிவந்து மாட்டுவதற்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. அதற்குள் போட்டது இறுகிவிட்டது. புதுக் கலவையை அதன் பக்கத்தில் அப்படியே கொட்டினார்கள். அடுத்த ஐப்பசி மழையில் சரியாக அந்தக் கோட்டிலேயே ஒழுகியது. அதை அடைக்க நான் செலவழித்த பணத்தில் நாலைந்து நாளுக்கு மெஷின் எடுத்திருக்கலாம்.

பிறகு ஒத்தக்கடையில் தங்கை வீட்டுத் தளம் போடும்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து, எழுதி வைத்துச் செய்தேன். ஐந்து மணி நேரத்தில் சத்தமில்லாமல் முடிந்தது. அந்த இரண்டு நாளிலும் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். எத்தனை அங்குலத் தளம், எவ்வளவு கம்பி என்பதெல்லாம் உங்கள் இன்ஜினியர் வேலை. இது மெஷினைப் பற்றி மட்டும்.

1. எத்தனை மூட்டை என்று முதலில் கணக்குப் போடுங்கள்

மெஷின் தேவையா, எந்த மெஷின், எத்தனை மணி நேரம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

தங்கை வீட்டுத் தளம் 24 அடிக்கு 15 அடி, கனம் 5 அங்குலம். 360 சதுர அடியை 5 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 150 கன அடி. பீமுக்கு 20 கன அடி சேர்த்து 170. வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகப் போடும் எம் 20 கலவையில், அதாவது சிமென்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 என்ற விகிதத்தில், ஒரு மூட்டைக்குச் சுமார் 4.4 கன அடி கான்கிரீட் கிடைக்கும். ஆக 39 மூட்டை. சேதாரத்துக்கு மூன்று சேர்த்து 42 இறக்கினோம். எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) முக்கால் யூனிட்டும் முக்கால் அங்குல ஜல்லி ஒன்றரை யூனிட்டும் கணக்குப்படி சரியாக இருக்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கொஞ்சம் கூடவே இறக்குங்கள். பாதியில் ஜல்லி தீர்ந்தால் லாரி வருவதற்குள் தளம் இறுகிவிடும்.

வாசல் படி, துணி துவைக்கிற மேடை மாதிரி நாலைந்து மூட்டைக்குள் முடிகிற வேலைக்கு மெஷினே வேண்டாம். இரும்புத் தகட்டில் கையாலேயே கலக்கலாம். கையால் கலந்தால் சிமென்ட் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போட வேண்டும் என்பது வழக்கம், அவ்வளவுதான். மறுபக்கம், நூறு மூட்டைக்கு மேல் போகிற பெரிய தளமாக இருந்து, தெருவும் அகலமாக இருந்தால் கான்கிரீட்டைக் கலந்தே கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிக்கு விலை கேட்டுப் பாருங்கள். இடைப்பட்ட வேலைக்கெல்லாம் வாடகை மெஷின்தான்.

2. அரை மூட்டை மெஷினா, ஒரு மூட்டை மெஷினா

மதுரையில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு அளவுதான்.

ஒரு மூட்டை மெஷினை 10/7 என்பார்கள். 10 கன அடி பொருள் உள்ளே போனால் 7 கன அடி கலவை வெளியே வரும் என்பது அதன் பொருள். எம் 20 கலவையில் ஒரு மூட்டைக்கான சிமென்ட், மணல், ஜல்லி மூன்றும் சேர்ந்து 7 கன அடி அளவில் இருக்கும் என்பதால் டிரம் வழியாமல் நன்றாகக் கலக்கும். இதில் ஹாப்பர் வைத்ததும் உண்டு, இல்லாததும் உண்டு. ஹாப்பர் என்பது முன்னால் தரையில் இறங்கி, பொருளை வாங்கிக்கொண்டு மேலே ஏறி டிரம்முக்குள் கொட்டும் தொட்டி. 25 மூட்டைக்கு மேல் என்றால் ஹாப்பர் வைத்ததையே கேளுங்கள். இல்லாவிட்டால் சட்டி சட்டியாகச் சுமந்து டிரம் வாயில் கொட்ட வேண்டும். பத்து மணி வெயிலில் ஆட்கள் ஓய்ந்துவிடுவார்கள்.

அரை மூட்டை மெஷின் சிறியது. தரைக்குக் கீழ்க் கான்கிரீட், காம்பவுண்டு அஸ்திவாரம், பத்துப் பதினைந்து மூட்டை வேலைக்குப் போதும். குறுகலான சந்துக்குள் தள்ளிக்கொண்டு போகவும் வசதி. ஆனால் இதில் முழு மூட்டையைக் கொட்டச் சொல்வார்கள். விடாதீர்கள். டிரம் நிறைந்துவிட்டால் பொருள் புரளாது, ஒரு பக்கம் சிமென்ட்டும் ஒரு பக்கம் வெறும் ஜல்லியுமாக வரும்.

டீசலா, மோட்டாரா? வெளி வேலைக்கு டீசலே நிம்மதி. கரண்ட் போனாலும் ஓடும். மோட்டார் மெஷின் என்றால் இடையில் ஒட்டுப் போடாத ஒரே நீள வயர், நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாமல் ஓட்ட விடாதீர்கள். ஈரத் தரையில் ஈரக் கையோடு பத்துப் பேர் நிற்கிற இடம் அது.

3. தேதியை ஆட்களோடு பேசுவதற்கு முன் நீங்கள் பாருங்கள்

வளர்பிறை முகூர்த்த நாளில் ஊரே தளம் போடும். அன்றைக்கு ஒரே மெஷினுக்கு இரண்டு இடத்தில் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். முதல் இடம் முடிந்து உங்கள் வீட்டுக்கு வர பதினொரு மணி ஆகும். நாள் பார்ப்பவர்கள் தச்சு செய்த நாளையே கணக்கில் எடுத்துக்கொண்டு, தளம் போடுவதைச் சாதாரண வேலை நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே சொன்னார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஆடி, மார்கழியில் புது வேலை தொடங்குபவர்கள் குறைவு என்பதால் நடந்துகொண்டிருக்கிற வேலைக்கு அப்போது மெஷின் சுலபமாகக் கிடைக்கும்.

பங்குனி, சித்திரை வெயிலில் போடுவதாக இருந்தால் காலை ஆறு, ஆறரைக்கே முதல் கலவை விழ வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் ஆட்களும் வரமாட்டார்கள், நகருக்குள் வண்டியும் வராது. கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் இருப்பவர்கள் அந்த வாரத்தையே விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மழை பிடிக்கும் நாள் அதிகம். தார்ப்பாய் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று, பலரும் மறப்பது: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முதல் நாள் செய்தித்தாளில் பகுதி வாரியாகப் போடுவார்கள். முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்கலாம். மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் கேட்கலாம். டீசல் மெஷின் ஓடினாலும் போர் மோட்டார் ஓடாதே, தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?

4. வாடகை பேசுவது

மூன்று விதமாகப் பேசுவார்கள்.

மெஷினும் ஆபரேட்டரும் மட்டும் நாள் வாடகைக்கு. ஆட்களை உங்கள் கொத்தனார் கொண்டுவருவார். ஆட்கள் குறைவாக வந்தால் நேரம் இழுக்கும், வாடகை உங்கள் தலையில்.

கான்கிரீட் செட் முழுவதுமாக. மெஷின், கலவையை மாடிக்கு ஏற்றும் லிஃப்ட், கொட்டிய கலவையை அதிரவைத்துக் கெட்டிக்கும் வைப்ரேட்டர், பத்துப் பதினைந்து ஆட்கள் எல்லாம் சேர்ந்து மூட்டைக்கு இவ்வளவு என்று பேசுவது. வேலை பறக்கும். சிக்கலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த இடத்துக்குப் போகலாம் என்பதால் தண்ணீரை அதிகமாக ஊற்றி, நிமிடத்தில் கலந்து இறக்கிவிடுவார்கள். இப்படிப் பேசினால் மெஷின் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் கடைசி வரை நிற்க வேண்டும்.

மூன்றாவது, சதுர அடிக்கு இவ்வளவு என்று. முதல்முறை செய்பவர்களுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. பீம், சன்ஷேடு, படிக்கட்டு கணக்கில் சேருமா என்று கடைசியில் சண்டைதான் வரும்.

தங்கை வீட்டுக்கு நான் முதல் வகையில் எடுத்தேன். ஹாப்பர் வைத்த ஒரு மூட்டை மெஷின், ஆபரேட்டரோடு நாள் வாடகை 2,200 ரூபாய். டிராக்டரில் கட்டி இழுத்துவந்து திரும்பக் கொண்டுபோக 800. வைப்ரேட்டர் 600. டீசல் 6 லிட்டர் என் செலவு. ஆபரேட்டருக்குப் படி 300. இடத்துக்கு இடம், சீசனுக்குச் சீசன் இது மாறும். மூன்று பேரிடமாவது கேளுங்கள். தொகையைவிட முக்கியம், அந்தத் தொகையில் எதெல்லாம் அடங்கும் என்பது. இழுத்துவரும் கூலியையும் டீசலையும் சொல்லாமலே விட்டுவிட்டு, வந்து நின்ற பிறகு கேட்பார்கள்.

ரசீது தர மாட்டார்கள். நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: மெஷின் அளவு, வரவேண்டிய தேதியும் நேரமும், வாடகை, அதில் அடங்குபவை, கொடுத்த முன்பணம், மெஷின் நடுவில் பழுதானால் யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு மேல் கூடுதல் வாடகை, மழை வந்து நின்றுபோனால் முன்பணம் அடுத்த தேதிக்குச் சேருமா. கேட்டால் உங்கள் ஆதார் நகல் ஒன்று கொடுங்கள். அதன் மேலேயே 'கலவை மெஷின் வாடகைக்கு மட்டும்' என்று தேதியோடு குறுக்கே எழுதிவிடுங்கள். முன்பணத்தை யுபிஐயில் அனுப்பினால் அதுவே ஒரு சான்று. மெஷின் வந்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே நசுங்கியிருந்த ஹாப்பருக்கு எங்களிடம் பணம் கேட்டபோது அந்தப் போட்டோதான் பேசியது.

செட் ஆட்கள் வருவதாக இருந்தால் அவர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். ஏதாவது நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்த அட்டைதான் முதல் கை. பதியாதவர்கள் இருந்தால் பதியச் சொல்லுங்கள்.

5. முன்பணம் கொடுக்கும் முன் மெஷினை ஓட்டிப் பாருங்கள்

இந்த ஒன்றை மட்டும் முதல்முறை நான் செய்திருந்தால் என் தளம் ஒழுகியிருக்காது. போனில் பேசி முன்பணம் போட்டுவிடாதீர்கள். மெஷின் நிற்கிற இடத்துக்கு நேரில் போய், "அண்ணே, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல மெஷின் வைத்திருப்பவர் முகம் சுளிக்க மாட்டார்.

இன்ஜின் நாலைந்து சுற்றுக்குள் பிடிக்கிறதா பாருங்கள். டிரம்முக்குள் எட்டிப் பாருங்கள். அது நின்றிருக்கும்போது மட்டும். உள்ளே இருக்கும் தகடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் கலவை புரளாது. பழைய கான்கிரீட் பாறை மாதிரி ஒட்டியிருந்தால் டிரம்மின் கொள்ளளவே குறைந்திருக்கும். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, மாற்று பெல்ட் ஒன்று வண்டியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 'இருக்கு சார்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஹாப்பரைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் இழை பிரிந்து முள்முள்ளாக நின்றால் அந்த மெஷினே வேண்டாம். ஹாப்பரைப் பாதி உயரத்தில் நிறுத்திப் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள், தானாக இறங்கக்கூடாது. பெல்ட், பல்சக்கரங்களுக்கு மேல் மூடி இருக்க வேண்டும். பல மெஷின்களில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். மாட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் நாடாவை எடுத்து மெஷினின் அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள். அது உங்கள் தெருவுக்குள் திரும்புமா? மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீடு இருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

6. மெஷின் நிற்கும் இடம்

மேலே பாருங்கள், முதலில். மின்கம்பி போகிறதா? ஹாப்பர் மேலே ஏறும். லிஃப்ட் கம்பம் அதைவிட உயரம் போகும். மாடிக்கு நீட்டுகிற கம்பி, குழாய் எல்லாமே ஆபத்து. வயருக்குக் கீழே மெஷினையோ லிஃப்டையோ நிறுத்தவே கூடாது. வேறு இடமில்லை என்றால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தித் தரக் கேளுங்கள். 'தள்ளித்தான் இருக்கு' என்ற பேச்சை நம்பி ஒரு உயிரைப் பணயம் வைக்க முடியாது.

தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கரிசலில் நேற்றுத் தண்ணீர் விட்ட மண் இன்று மெஷினை ஒரு பக்கமாக உள்வாங்கும். சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு, முன்னும் பின்னும் கல் அணை கொடுத்து, தாங்குகால்களை இறக்கச் சொல்லுங்கள். சாக்கடை மூடி, செப்டிக் டேங்க் மேல் நிறுத்தவே வேண்டாம்.

தெருவில் நிறுத்துவதாக இருந்தால் வார்டு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் முன்பே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், "நாளன்னைக்குக் காலையில கான்கிரீட் போடுறோம், வண்டியை மட்டும் வெளிய எடுத்து வச்சுக்கங்க" என்று சொல்லுங்கள். ஆறு மணிக்கு டீசல் இன்ஜின் சத்தத்தில் எழுவது யாருக்கும் பிடிக்காது. முன்பே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். கட்டிட வரைபட அனுமதியின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், யாராவது வந்து கேட்டால் வேலை நிற்கக்கூடாது.

7. முதல் நாள் மாலை

மெஷின் முதல் நாள் மாலையே வந்து நிற்க வேண்டும். காலையில் வரும் என்றால் வராது. இருட்டிய பிறகு இழுத்துவருவதாக இருந்தால் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் கட்டச் சொல்லுங்கள். டிராக்டருக்குப் பின்னால் கருப்பாக ஒரு மெஷின் வருவது பைக்கில் வருபவருக்குத் தெரியாது.

சிமென்ட் மூட்டையில் அச்சடித்திருக்கும் வாரம், மாதம், ஆண்டைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள்.

தண்ணீர்: 39 மூட்டைக்குக் கலக்க மட்டும் ஆயிரம் லிட்டர். கழுவ, ஜல்லி நனைக்க, மறுநாள் தளத்துக்கு விட என்று இன்னும் அவ்வளவு. மதுரைப் புறநகரில் பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஊற்றினால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்துத் தளம் உரியும். சந்தேகம் என்றால் டேங்கரில் நல்ல தண்ணீர் இறக்குங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் கலவைக்கும் தகும்.

வைப்ரேட்டரையும் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். கொத்தனாரும் இன்ஜினியரும் சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்), கம்பி, கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) எல்லாம் பார்த்து 'போடலாம்' என்று சொன்ன பிறகுதான் மறுநாள் ஆட்களை உறுதி செய்ய வேண்டும்.

8. அளவு: சட்டியில் வேண்டாம், பெட்டியில்

சட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் குவித்து அள்ளுவார், ஒருவர் தட்டையாக அள்ளுவார். பலகையில் ஒரு பெட்டி அடித்துக்கொள்ளுங்கள்: உள்ளளவு நீளம் 15 அங்குலம், அகலம் 12, உயரம் 12. இது 1¼ கன அடி, ஒரு மூட்டை சிமென்ட்டின் கொள்ளளவு. மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, விளிம்போடு மட்டம் தட்டி. மணல் ஈரமாக இருந்தால் உப்பித் தெரியும். அதே பெட்டியில் உண்மையான மணல் குறைவாக இருக்கும். அன்று மணலைக் கொஞ்சம் கூட்டி, தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை இன்ஜினியரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். மூட்டைக்கு 25 லிட்டரில் தொடங்குங்கள். 27-க்கு மேல் போகக்கூடாது. காலி பெயின்ட் வாளியில் 20 லிட்டருக்கு ஒரு கோடு, 5 லிட்டர் டப்பா ஒன்று, இந்த இரண்டைத் தவிர வேறு எதிலும் டிரம்முக்குத் தண்ணீர் போகக்கூடாது. குழாயை நேராக டிரம் வாயில் விட விடாதீர்கள். "சார், கலவை இழுக்க மாட்டேங்குது, கொஞ்சம் லூசா விட்டா நல்லா ஓடும்" என்பார்கள். ஓடும், உண்மைதான். காய்ந்த பிறகு அந்தக் கூடுதல் தண்ணீர் இருந்த இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். கலவை கெட்டியாகத் தெரிந்தால் வைப்ரேட்டர் போட்டுக் கெட்டிக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஹாப்பரில் முதலில் பாதி ஜல்லி, அதன் மேல் மணல், சிமென்ட், மீதி ஜல்லி என்று போட்டால் சிமென்ட் காற்றில் பறக்காது, ஒட்டாது. டிரம்மில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஓட வேண்டும். எல்லாம் விழுந்த பிறகு குறைந்தது 2 நிமிடம் சுற்ற வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதியில் இருப்பதும் அதுதான். முழுக் கலவையும் ஒரே நிறமாகத் தெரியும் வரை இறக்க விடாதீர்கள். அன்றைய முதல் கலவையில் மட்டும் சிமென்ட்டைப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த டிரம்மின் உள்பக்கம் கொஞ்சம் பாலைக் குடித்துவிடும்.

ஏற்றி, கலந்து, இறக்க ஒரு நடைக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மூட்டை. 39 மூட்டைக்கு நாலு மணி நேரம். டீ வடைக்கு அரை மணி சேர்த்தால் எங்களுக்கு ஆன ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

9. ஓடும்போது

காலையில் சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தொடங்குவார்கள். அந்த நேரம் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். கீழே உள்ளதை அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு இன்ஜின் சத்தத்தில் யார் காதிலும் விழாது.

சுற்றும் டிரம்முக்குள் கையோ மம்பட்டியோ போகவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கிறது என்று மம்பட்டியால் சுரண்டப் போவார்கள். தகட்டில் மம்பட்டி மாட்டினால் பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்து இழுக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் சுரண்ட வேண்டும்.

தூக்கிய ஹாப்பருக்குக் கீழே யாரும் போகக்கூடாது. சிந்திய ஜல்லியைக் கூட்டி அள்ள ஒரு சித்தாள் குனிவார். விபத்து நடப்பது அந்த நொடியில்தான். ஹாப்பர் தரையில் இருக்கும்போது மட்டும் அந்தக் குழியைச் சுத்தம் செய்யட்டும். மேலே நிறுத்தி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கொக்கியோ கட்டையோ கொடுத்துப் பூட்ட வேண்டும்.

சேலைத் தலைப்பு, கழுத்தில் தொங்கும் துண்டு, லுங்கி நுனி எல்லாம் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் இரை. சித்தாள்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுத் தலைப்பைச் செருகிக்கொள்ளட்டும். துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளட்டும்.

ஹேண்டில் அடித்து ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் என்றால் அதை ஆபரேட்டர் மட்டும் தொடட்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். பழகியவர்கள் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான். ஓடும் இன்ஜினில் டீசல் ஊற்றக்கூடாது. டீ நேரத்தில் நிறுத்திவிட்டு ஊற்றுங்கள்.

ஈரச் சிமென்ட் தோலைத் தின்னும், உடனே தெரியாது. எங்கள் தளத்தில் வெறுங்காலோடு நின்று மட்டம் பார்த்த பையனுக்கு மறுநாள் விரலிடுக்கெல்லாம் புண். முழங்கால் உயர ரப்பர் பூட்சும் ரப்பர் கையுறையும் தளத்தில் நிற்பவர்களுக்காவது நீங்களே வாங்கி வையுங்கள். சிமென்ட் கொட்டுபவருக்கு முகக்கவசம், கண்ணாடி. கண்ணில் தெறித்தால் கசக்கக்கூடாது. நல்ல தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தனியாக மூடி வையுங்கள். வேறு விபத்து என்றால் 108.

குழந்தைகளை அன்று அத்தை வீட்டுக்கோ பள்ளிக்கோ அனுப்பிவிடுங்கள். மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். குடிக்க மோர், தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். குடித்துவிட்டு வந்தவரை, அவர் எவ்வளவு வேலை தெரிந்தவராக இருந்தாலும், மெஷின் பக்கமும் தளத்து மேலும் அனுப்பாதீர்கள்.

10. நடுவில் நின்றுவிட்டால்

கலந்த கான்கிரீட்டை அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மதுரை வெயிலில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் இடைவெளி விழுந்தாலே பழையதும் புதியதும் ஒட்டாத கோடு விழ ஆரம்பிக்கும். அதனால் மெஷின் நின்ற பத்தாவது நிமிடமே முடிவு எடுங்கள், 'இதோ ஆயிரும்' என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

இரும்புத் தகடு இரண்டும் மம்பட்டிகளும் தயாராக இருந்தால் கையால் கலந்து ஈர விளிம்பைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கலாம். சேதாரத்துக்கென்று கூடுதலாக எடுத்த மூன்று மூட்டை இதற்கும்தான். வேறு மெஷின் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணை முதல் நாளே வாங்கி வையுங்கள். எதுவுமே நடக்காது என்றால் கண்ட இடத்தில் விடாமல் இன்ஜினியரை அழைத்து, அவர் காட்டும் இடத்தில் பலகை வைத்து நேராக முடிக்க வேண்டும். மறுபடி தொடங்கும்போது அந்த விளிம்பைக் கொத்தி, கழுவி, சிமென்ட் பால் பூசிவிட்டுத்தான் புதுக் கலவை. எங்கள் வீட்டில் இதில் ஒன்றுமே செய்யவில்லை. டிரம்முக்குள் இருப்பது இறுகிவிட்டால் தண்ணீர் ஊற்றி இளக்கித் தளத்தில் கொட்டப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள், கீழே கொட்டச் சொல்லுங்கள்.

11. மெஷினை அனுப்புவதும் அதற்குப் பிறகும்

கடைசிக் கலவை இறங்கியதும் டிரம்மில் கொஞ்சம் ஜல்லியும் தண்ணீரும் போட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். 'கழுவாமல் விட்டதற்கு 500' என்று முன்பணத்தில் பிடிப்பது வழக்கமான தகராறு. கழுவிய டிரம்மையும் போட்டோ எடுத்துக்கொண்டு அங்கேயே கணக்கை முடித்து, அந்த வெள்ளைத் தாளிலேயே 'பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்குங்கள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், சிமென்ட் உள்ளே இறுகித் தெருவே அடைத்துக்கொள்ளும். ஓரமாக ஒரு குழி வெட்டி அதில் விடுங்கள்.

சாப்பாடு, இனாம் எல்லாம் மெஷின் நின்று, தளம் மட்டம் பார்த்து முடிந்த பிறகு. அதற்கு முன் பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டால் கடைசி நாலு மூட்டை அவசரத்தில் போகும்.

அன்று மாலை, மேற்பரப்பு விரல் பதியாத அளவு இறுகியதும் ஈரச் சாக்கு போடுங்கள். மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு 14 நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டுகளைப் பிரிக்க, நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது ஓபிசி (சாம்பல் கலக்காத) சிமென்ட்டுக்கான குறைந்தபட்சக் கணக்கு. பிபிசி மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். பீமுக்கு இன்னும் கூடும். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று பத்தாம் நாளே பலகையைக் கழற்ற ஆள் வந்து நிற்பார். இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்லும் வரை முட்டுகளில் ஒன்றைக்கூட அசைக்க விடாதீர்கள். தங்கை வீட்டில் நாங்கள் 21-ஆம் நாள்தான் பிரித்தோம். நாலு நாள் வாடகை கூடுதலாக ஆனது, கொடுத்தோம்.